கடுகு சிறுத்தாலும்...

பந்தயக் கார் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நீண்ட மூக்கு, காதைச் செவிடாக்கும் இரைச்சல், உள்ளே ஒரு முரட்டு ஆண்பிள்ளை - இப்படித்தானே? இங்கிலாந்தில் பிறந்த 'மினி கூப்பர்' இந்த லட்சணம் எதற்கும் உட்படாதது. மொத்த நீளமே பத்தடிதான். சக்கரமோ பத்து அங்குலம். பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதற்கு முதல் பெரிய சர்வதேச ராலி வெற்றியைத் தேடிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒரு பெண்மணி!

கதையைக் கேளுங்கள். 1956-இல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். சிக்கனமான சின்னக் கார் ஒன்று வேண்டுமென்று அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணரிடம் சொன்னார்கள். சின்னப் பெட்டியில் பெரிய குடும்பத்தின் துணிமணிகளை அடுக்கும் சாமர்த்தியம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டல்லவா? அதே சாமர்த்தியத்தை அவர் காட்டினார். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே செருகிவிட்டார். மிச்சமான இடத்தில் நாலு பேர் உட்கார முடிந்தது. 1959 ஆகஸ்டில் மினி வெளிவந்தது. பந்தயக் கார்கள் கட்டுவதில் பேர்போன ஜான் கூப்பர் அதைப் பார்த்தார். இரட்டைக் கார்புரேட்டரும், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்த்து 1961-இல் மினி கூப்பர் தயாராயிற்று.

அடுத்த ஆண்டே, ஹாலந்து தேசத்து டியூலிப் ராலியில், பாட் மாஸ் இந்தக் காரை ஓட்டி வென்றார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் ஆன் விஸ்டம். ஆக, வண்டிக்குள் இரண்டு பேருமே பெண்கள்! பாட் மாஸ் அதற்கு முன்பே குதிரைச் சவாரிப் போட்டிகளில் பெயர் வாங்கியவர். கடிவாளம் பிடித்த கைக்குச் சக்கரம் பிடிக்கச் சொல்லித் தரவேண்டுமா?

பிறகு மாண்டி கார்லோ ராலி. 1964-இல் பாடி ஹாப்கிர்க், 1965-இல் டிமோ மாகினன், 1967-இல் ரௌனோ ஆல்டனன் என்று மூன்று பேர் மினியில் வென்றார்கள். 1966-இலும் முதல் மூன்று இடங்களில் மினிதான் வந்தது. ஆனால் முன் விளக்குகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி வெற்றியைப் பறித்துவிட்டார்கள்.

இத்தனையும் பலத்தினால் வந்ததல்ல, பிடிப்பினால் வந்தது. என்ஜினின் பாரம் முன் சக்கரங்களின் மேல் இருக்கிறது. வண்டியை இழுப்பதும் அவைதான். நாலு சக்கரமும் நாலு மூலையில் இருக்கின்றன. அதனால்தான் பனியிலும் வளைவிலும் அந்தக் குட்டி வண்டி பூனை மாதிரி தரையைப் பற்றிக்கொண்டது.

பழைய மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் அறுபதுகளின் கூப்பரை இன்றும் பிரிட்டனில் பொக்கிஷமாகப் போற்றி ஓட்டுகிறார்கள். பொக்கிஷம் இருக்கும் இடத்தில் போலியும் இருக்குமே! சாதாரண மினிக்குக் கோடு போட்டு, பட்டயம் ஒட்டி, 'அசல் கூப்பர்' என்று தலையில் கட்டுவது உண்டு. நகை வாங்கும்போது முத்திரை பார்க்கிறோமே, அது போலச் சட்ட எண்ணையும் என்ஜின் எண்ணையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையின் பழைய ஏடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தரும் வசதியும் அங்கே இருக்கிறது.

வாங்கிய பிறகு முதல் எதிரி துரு. குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் கதவுக்குக் கீழுள்ள விளிம்பிலும், தரைத் தகட்டிலும், பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலும் புகுந்து அரிக்கிறது. மேலே பளபளவென்று வர்ணம் பூசியிருக்கும், அடியில் சல்லடையாகியிருக்கும். ஆகவே அடியில் தண்ணீர் பீச்சிக் கழுவுவதும், குனிந்து பார்ப்பதும் மிகவும் அவசியம்.

அடுத்தது எண்ணெய். என்ஜினுக்கும் கியருக்கும் இதில் ஒரே எண்ணெய். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அடுப்பு மாதிரி! ஆகையால் அது சீக்கிரம் களைத்துப் போகும். மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. முன் சக்கர மூட்டுகளுக்கும் பின் சக்கரக் கைகளுக்கும் கிரீஸ் போட மறக்கக்கூடாது.

இன்னொரு வேடிக்கை. மின் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், முன்பக்கத்துக் கம்பி வலைக்கு நேர் பின்னால் இருக்கிறது. பலத்த மழையில் நனைந்தால் என்ஜின் இருமத் தொடங்கிவிடும். இதற்கு மினிக்காரர்கள் கண்ட மருந்து எது? பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை! விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு கம்பியை விட்டு, மேலே மாட்டிவிடுவார்கள். என்ஜினின் இருமல் நின்றுவிடும்.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் கடந்த, பெரிய மாறுதல் எதுவும் செய்யாத காருக்கு வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை என்று 2018-இல் பிரிட்டன் சலுகை கொடுத்தது. சட்டம் விட்டுவிடலாம், துரு விடாது. அந்தக் காரில் காற்றுப் பை கிடையாது. பக்கத்தில் உட்காருவதோ நம் குழந்தை. ஆகவே பரிசோதனை கட்டாயமில்லாவிட்டாலும், வருஷம் ஒரு முறை நிபுணரிடம் பிரேக்கையும் சட்டத்தையும் காட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு தொல்லைப்பட்டு என்ன சுகம் என்கிறீர்களா? இதில் சுகம் காண நூறு மைல் வேகம் வேண்டாம். முப்பது மைல் வேகத்திலேயே, ஒரு கிராமத்துச் சாலை வளையும்போது, சக்கரத்தை இம்மி திருப்பினால் வண்டி சொன்னபடி திரும்பும். அந்த நிமிஷம் ஓட்டுபவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அடியில் குனிந்து பார்த்து வந்தவருக்கே அந்தச் சிரிப்பு கவலையில்லாமல் வரும்.