உடன்பிறந்தாரைப் பிரிக்கலாமா?

உடன்பிறந்தாரைச் சுட்டும் பழந்தமிழ்ச் சொற்களுள் தமையன், தமக்கை, தம்பி, தங்கை என்னும் நான்கும் கருதத்தக்கவை. நான்கிலும் 'தம்' என்னும் உரிமைச்சொல் முன்நின்று, பின்வரும் உறுப்போடு கலந்து ஒன்றாகிவிட்டது. 'உங்கள் தம்பி' என்று பிறர் கூறும்போதும் அந்தத் 'தம்' அச்சொல்லை விட்டு நீங்குவதில்லை. உரிமையும் உறவும் பிரிக்கவொண்ணாதபடி மொழியே பிணைத்து வைத்திருக்கும் இவ்வுறவை, பெற்றோரை இழந்த குழந்தைகளிடையே நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். அதுவும் தீய நோக்கத்தால் அன்று. அவர்களைக் காக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தாலேயே பிரிக்கிறோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைகின்றனர். பன்னிரண்டு வயது மூத்த மகனை ஆண்களுக்கான அநாதை நிலையம் ஏற்றுக்கொள்கிறது. ஒன்பது வயது மகள் வேறோர் ஊரிலுள்ள பெண்கள் நிலையத்துக்கு அனுப்பப்படுகிறாள். மூன்று வயதுக் கடைக்குட்டியைப் பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் கொண்டு செல்கின்றனர். மூவருக்கும் உணவு உண்டு, உடை உண்டு, கல்வியும் உண்டு. உதவிய எவரையும் குறை கூற இயலாது. ஆயினும் பத்தாண்டு கழித்து அம்மூவரும் ஒரே பேருந்தில் எதிரெதிரே அமர்ந்தாலும் ஒருவரையொருவர் அறியமாட்டார். பசியைப் போக்கிய நாம் அவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்தைப் பறித்துவிட்டோம்.

பெற்றோர் மறைந்தபின், அந்த வீடு இருந்தது என்பதற்கு உடன்பிறந்தாரே சான்று. தாய் எப்படிச் சிரிப்பாள், தந்தை எப்பெயரிட்டு அழைப்பார் என்பனவற்றைப் பதிவேடு சொல்லாது. மூத்த பிள்ளைதான் இளைய பிள்ளைக்குச் சொல்ல முடியும். பெற்றோர் முதுமையில் பிரிவர். வாழ்க்கைத்துணை இடையில் வருவர். பிறந்தது முதல் முதுமை வரை உடன்வரக் கூடியவர் உடன்பிறந்தாரே. பிறர்க்கு இது பல உறவுகளுள் ஓர் உறவு. அநாதைக் குழந்தைக்கோ இதுவே எஞ்சிய குடும்பம்.

இஸ்லாம் அநாதைகளைப் பேணுவதைப் பேரறமாக வலியுறுத்துகிறது என்பதை நாம் நன்கறிவோம். வளர்ப்புப் பிள்ளையின் பிறப்பு அடையாளத்தை மறைக்கலாகாது என்று அது வகுத்துள்ள நெறியும் அதே அளவு கருதத்தக்கது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருக்குர்ஆன் (33:5) பணிக்கிறது. அதன்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பு மகனாயிருந்த ஸைது (ரலி) அவர்கள், மீண்டும் ஹாரிதாவின் மகன் ஸைது என்றே அழைக்கப்பெற்றார்கள். குடிவழி காக்கப்படும்போது உடன்பிறப்பும் காக்கப்படுகிறது. வாரிசுரிமையில் உடன்பிறந்தார்க்குப் பங்குண்டு (4:176). உடன்பிறந்தாரிடையே மணவுறவு விலக்கப்பட்டுள்ளது (4:23). தம் உடன்பிறந்தார் யார் என்றே அறியாதவர் இவ்வுரிமையைப் பெறுவது எங்ஙனம்? இவ்விலக்கைக் காப்பது எங்ஙனம்? ஆகவே இது மனவுணர்வு பற்றிய சிக்கல் மட்டுமன்று. மார்க்கக் கடமை பற்றியதும் ஆகும்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை இந்நோக்கில் மீண்டும் பயில வேண்டும். ஆற்றில் விடப்பட்ட குழந்தையை ஃபிர்அவ்னின் குடும்பத்தார் எடுத்துக்கொள்கின்றனர். அப்போது தாயின் சொற்படி அக்குழந்தையைப் பின்தொடர்ந்து சென்றவர் யார்? அதன் தமக்கை. பிறர் அறியாவண்ணம் தொலைவில் நின்று நோக்கிய அவரே, செவிலித்தாய் தேடியவர்களுக்குத் தம் வீட்டைச் சுட்டிக்காட்டினார் (28:11-13). ஒரு குழந்தை வேற்று இல்லத்துக்குச் சென்றபோதும் பிறந்த வீட்டோடு அதற்குள்ள இழை அறாமல் காத்தது ஒரு சிறு பெண்ணின் கண். இன்று நம் நிலையங்களின் வாயிலில் தம்பியை விட்டுப் பிரியும் தமக்கையர்க்கு, தொலைவில் நின்று நோக்கும் வாய்ப்பையேனும் நாம் அளிக்கிறோமா?

பாலுறவையே நம் மார்க்கம் உடன்பிறப்பாகப் போற்றுகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'அலிமா முலையூட்டுப் படலம்' என்றே ஒரு படலம் உண்டு. அந்த ஹலீமா அம்மையாரின் மகள் ஷைமா, நாயகத்தின் பால்குடிச் சகோதரி ஆவார். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப்பின் சிறைப்பட்டோருடன் அவர் கொண்டுவரப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அடையாளம் கண்டு, தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள் என்றும், உடன் தங்குவதா ஊர் திரும்புவதா என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டுப் பரிசளித்து அனுப்பினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி அவ்வுறவை அழிக்கவில்லை.

சங்க இலக்கியமும் இதற்கொரு சான்று தருகிறது. பறம்பின் கோமான் பாரி மாண்டபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் கபிலர். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர் சென்று நின்றதைப் புறநானூறு காட்டுகிறது. இருவரும் மறுத்தனர். அந்நிலையிலும் மூத்தவளை ஓரிடத்தும் இளையவளை வேறிடத்தும் சேர்த்துத் தம் சுமையைக் குறைத்துக்கொள்ள அப்புலவர் முனைந்ததாகக் குறிப்பில்லை. தந்தையை இழந்த துயரைப் பாடும் 112ஆம் பாடல் பாரி மகளிர் இருவர் பெயராலும் ஒருங்கே அமைந்திருப்பது உளங்கொளத்தக்கது. இழப்பைப் பகிர்ந்துகொள்ள அவ்விருவரும் ஒருங்கிருந்தனர்.

இனி, நாட்டின் சட்டம் என்ன கூறுகிறது என்று நோக்குவோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வளர்ப்புப் பராமரிப்பில் உடன்பிறந்தாரை ஒரே குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. பிரித்து வைப்பதே குழந்தைகளுக்கு நன்மை எனில் மட்டும் விலக்களிக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. ஆனால் தத்தெடுப்பில் நிலைமை வேறு. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தத்து ஆணை பிறந்த நாள் முதல் பிறந்த குடும்பத்தோடு குழந்தைக்குள்ள பிணைப்புகள் அனைத்தும் அறுகின்றன. உடன்பிறந்தாரும் அந்த 'அனைத்து'க்குள் அடங்கிவிடுகின்றனர். இவ்விடத்தில் சட்டத்துக்குத் திருத்தம் தேவை என்பது என் கருத்து. பெற்றோரின் உரிமை மாறுவது வேறு; அண்ணனைக் காணும் உரிமை அறுவது வேறு. குடிவழியைக் காக்கும் 'கஃபாலா' முறையை 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு பெயர்சுட்டி ஏற்றுள்ளது. நம் நாட்டில் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ்க் காப்பாளராகும் வழியும் உண்டு. இவ்வழிகளில் உடன்பிறப்பை மறைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். 'மூவரையும் ஒருங்கே ஏற்க எவர் முன்வருவர்? மூவருக்கும் இல்லம் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒருவர்க்கும் கிடைக்காதே' என்பர். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. மூத்த பிள்ளை இளையதைத் துன்புறுத்தும் குடும்பங்களும் உண்டு. தாயின் சுமை முழுவதும் தமக்கையின் தலையில் விழுந்து, அவள் பிள்ளைப் பருவத்தையே இழப்பதும் உண்டு. அங்கெல்லாம் தனித்தனியே வளர்ப்பது தக்கதாகலாம். ஆனால் தனித்து வளர்ப்பது ஒன்று; தொடர்பறச் செய்வது மற்றொன்று. முன்னது சில வேளை தவிர்க்க முடியாதது. பின்னது பெரும்பாலும் நம் கவனக்குறைவால் நிகழ்வது. பிரிக்கத்தான் வேண்டுமெனில் அதற்குரிய காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளின் கருத்தும் கேட்கப்பட வேண்டும்.

நம் ஜமாஅத்துகளும் நிலையங்களும் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, வறுமை ஒன்றே காரணமெனில் குழந்தைகளை இல்லத்திலிருந்து பெயர்க்கலாகாது. கைம்பெண்ணான தாய் உயிரோடிருக்கையில் அவள் பிள்ளைகளை மூன்று ஊர்களில் வளர்ப்பதினும், ஜகாத் நிதியால் அவள் அடுப்பு எரியச் செய்வதே சிறப்பு. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், தகுதியுள்ள குழந்தை ஒவ்வொன்றுக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடமளிக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக அத்தாய்க்கு நம் இளைஞர் துணைபுரியலாம். இரண்டாவது, ஊர்ப் பெரியவர்கள் வாய்ச்சொல்லால் கைக்குழந்தையைக் கைமாற்றும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். அதனைச் சட்டம் ஒப்புவதில்லை; அவ்வாறு போன குழந்தையைத் தேட ஒரு தாளும் எஞ்சுவதில்லை. குழந்தைகள் நலக்குழுவின் வழியே செல்வதே முறை. மூன்றாவது, ஒவ்வொரு நிலையத்தின் சேர்க்கைப் பதிவேட்டிலும் உடன்பிறந்தார் பெயர், வயது, இருப்பிடம் ஆகியவற்றுக்கெனத் தனிப்பக்கம் வேண்டும்; ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். நான்காவது, ஆண்கள் நிலையமும் பெண்கள் நிலையமும் தனித்தனியே இருப்பது நம் மரபு. அது இருக்கட்டும். மாதம் ஒருநாள் அண்ணனும் தங்கையும் சந்திக்கவும், வாரந்தோறும் தொலைபேசியில் பேசவும், இரு பெருநாள்களிலும் ஒரே தட்டில் உண்ணவும் வழிசெய்வது மரபுக்கு மாறானதன்று. அதற்காகும் பயணச் செலவு ஒரு மின்விசிறியின் விலையைவிட மிகுதியன்று. ஆனால் மின்விசிறியில் கொடையாளர் பெயர் எழுதலாம், இதில் எழுத முடியாது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் நிலையத்திலிருந்து பயில வரும் தோழர் இருப்பின், அவர்தம் உடன்பிறந்தாரைக் கண்டுவர விடுமுறை நாளில் உடன் செல்லுங்கள். கடிதம் எழுதத் தெரியாத தங்கைக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தமிழ் பயின்றதன் பயன்களுள் அதுவும் ஒன்றாகும்.

அநாதையைப் பேணும் நல்லறத்தில் நம் சமுதாயம் எவர்க்கும் பின்தங்கியதில்லை. எத்தனை குழந்தைகளுக்குச் சோறிட்டோம் என்று ஆண்டறிக்கையில் கணக்குக் காட்டுகிறோம். இனி வரும் அறிக்கைகளில், எத்தனை குழந்தைகள் தம் உடன்பிறந்தாரின் முகத்தை மறவாதிருக்கின்றனர் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குவோமாக.