பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பதினோராவதையும் பாருங்கள்



நீளமான பதிவு. கரும்பலகை நிறைய எழுதிப் பழகிய கைக்குச் சுருக்கமாக எழுத வராது. அமெரிக்காவில் பெண் கொடுக்கப் போகிறவர்களும், அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைகளும் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் சண்டை. என் கொழுந்தனார் மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பது வருடமாக டெக்சாஸில் வேலை. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். சாப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, மாப்பிள்ளை எந்தக் கவுண்டியில இருக்கார்?"

"எதுக்கு அண்ணி?"

"அங்க கவுண்டி கிளார்க் பதிவேட்டுல அவர் பேர்ல ஏற்கெனவே கல்யாணம் ஏதாவது பதிவாகியிருக்கான்னு பார்க்கலாம்னுதான்."

ரசம் ஊற்ற வந்த ஓரகத்தி அப்படியே நின்றுவிட்டாள். கொழுந்தனார் இலையை மூடிவிட்டார். "என்ன அண்ணி, சி.ஐ.டி. வேலை பாக்குறீங்களா? சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனா நம்ம மானம் என்ன ஆகும்?" என்றார். அன்றிலிருந்து பேச்சில்லை. இதையும் படிப்பார். படிக்கட்டும். அவர் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மானம் என்றாரே, அதையே எடுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்திருக்கிறார்கள். "டீச்சர், பொண்ணு குணம் எப்படி? யாரோடயாவது பழக்கம் உண்டா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீடு, மளிகைக்கடை, தையல்காரம்மா என்று ஒருவரையும் விட்டதில்லை. அப்போதெல்லாம் யார் மானமும் போகவில்லை. ஆணைப் பற்றி ஒரு பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம் என்றால் மட்டும் போய்விடுமா?

அமெரிக்காவில் திருமணப் பதிவேடு என்பது பெரும்பாலும் பொது ஆவணம். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அரை கிரவுண்டு மனை வாங்குவதற்கு முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிற குடும்பம் நம்முடையது. பெண்ணைக் கொடுக்கும்போது பார்க்கக்கூடாதா?

ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1998-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி. பெயர், ஊர் வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்வாள். அமெரிக்க மாப்பிள்ளை. முன்னூறு பேர் சாப்பிட்ட கல்யாணம். அதற்காக அப்பா வயலில் பாதியை விற்றார். மாப்பிள்ளை மூன்று வாரத்தில் விமானம் ஏறினார். "விசாவுக்குப் போட்டிருக்கேன்" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளுடைய சித்தி மகன் ஒருவன் அங்கே படிக்கப் போனவன், அந்தக் கவுண்டியின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தான். இவளைக் கட்டுவதற்கு நான்கு வருடம் முன்பே அங்கே ஒரு திருமணம் பதிவாகியிருந்தது. விவாகரத்து ஆகவில்லை. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னபோது அழவில்லை. நான்தான் அழுதேன்.

1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்கு மனைவியோ கணவனோ உயிரோடிருக்க, விவாகரத்தும் ஆகாதபோது செய்கிற இரண்டாவது கல்யாணம் செல்லாது. தாலி கட்டியிருக்கலாம், அக்னி வளர்த்திருக்கலாம், ஊரே அட்சதை போட்டிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. தண்டனை அந்த ஆளுக்கு உண்டு. ஆனால் போன வயலும் வருடங்களும் போனதுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது?

அமெரிக்கா முழுவதுக்கும் ஒரே திருமணப் பதிவேடு கிடையாது. திருமணம் அங்கே மாநில விஷயம். பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கொடுப்பதும் பதிவை வைத்திருப்பதும் கவுண்டி அலுவலகம். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம். நமக்கு 38 மாவட்டம், டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டி, கலிபோர்னியாவில் 58. நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல். எல்லா இடத்திலும் அலுவலகத்தின் பெயரும் ஒன்றல்ல. ஜார்ஜியாவில் புரோபேட் நீதிமன்றம் உரிமம் தருகிறது. நியூயார்க்கில் நகர கிளார்க். நியூஜெர்சியில் ஊராட்சிப் பதிவாளர். ஆகவே "அமெரிக்காவில் இருக்கிறார்" என்பது விலாசமே இல்லை. எந்த ஊர்களில், எந்த வருடங்களில் இருந்தார் என்று கேளுங்கள். பதிவு இருப்பது உரிமம் வாங்கிய கவுண்டியில். மண்டபம் இருந்த இடத்தில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு.

பல கவுண்டிகளில் பெயர் அட்டவணையைக் காசில்லாமலே இணையத்தில் தேடலாம். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் பணம். "அமெரிக்கா முழுக்கத் தேடித் தருகிறோம்" என்று டாலர் கேட்கும் தனியார் தளங்களில் கார்டு எண்ணைப் போடாதீர்கள். நேராகக் கவுண்டியின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

நம் பெயர்களால் ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சிலருக்கு முன்னால் போயிருக்கும், சிலருக்குப் பின்னால். சிலருக்கு முதல் பெயர் இடத்தில் எதுவுமே இல்லாமல், அமெரிக்க விசாவில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்தை அச்சடித்திருப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எனவே மாப்பிள்ளை பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒரு முறை, அப்பா பெயரை வைத்து ஒரு முறை, சேர்த்தும் பிரித்தும் தேடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்பெல்லிங் வேண்டும். பத்திரிகையில் எண் கணிதம் பார்த்து மாற்றிய ஸ்பெல்லிங் உதவாது.

தேடிக் கிடைக்கவில்லை என்றால் கல்யாணமே ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேறு மாநிலத்தில் போய்ச் செய்திருக்கலாம். லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் காத்திருப்பே இல்லை, உரிம அலுவலகம் காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். கலிபோர்னியாவில் ரகசியத் திருமண உரிமம் என்றே ஒரு வகை இருக்கிறது, அந்தப் பதிவை வெளியார் பார்க்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் பையனிடமே நேராகக் கேளுங்கள். முன்பு கல்யாணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் அது குற்றமில்லை. தீர்ப்பின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அது நீதிமன்றத்தில் இருக்கும், கல்யாணப் பதிவோடு இருக்காது. ஒளிவு மறைவு இல்லாதவர் காட்டிவிடுவார். கேட்டதற்கே குதிக்கிற சம்பந்தியை இப்போதே தெரிந்துகொள்வது லாபம்.

அடுத்தது, அங்கேயே கல்யாணம் செய்கிற பிள்ளைகளுக்கு. இதில் என் பிறந்த வீட்டையே திட்டப் போகிறேன்.

நம் ஊரில் தாலி முதலில், பதிவு பிறகு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும் கல்யாணம் முடிந்த பின்தான் போகிறோம். அங்கே தலைகீழ். முதலில் இருவரும் நேரில் போய் உரிமம் வாங்க வேண்டும், அதை வைத்துத்தான் கல்யாணம், நடத்தி வைத்தவர் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினால்தான் பதிவு. இது என் அண்ணனுக்குப் புரியவில்லை. அவர் மகள் கல்யாணம் டெக்சாஸில். ஞாயிறு காலை முகூர்த்தம், ஆறு மாதம் முன்பே ஜோசியர் குறித்தது. உரிமம் வாங்கப் போனதோ வெள்ளிக்கிழமை மதியம். டெக்சாஸில் உரிமம் வாங்கிய பின் 72 மணி நேரம் போக வேண்டும் என்று கவுண்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, எட்டு மணி நேரத் திருமணப் பயிற்சி வகுப்பை முன்பே முடித்தவர்களுக்கு உண்டு. நமக்கு எதுவும் இல்லை.

இதற்கு நடுவில் என் பெரியப்பா ஒருவர், மாப்பிள்ளையின் தோளைத் தட்டி "மை நெவ்யூ" என்று அந்த அம்மாவிடம் அறிமுகப்படுத்திவிட்டார். மருமகன் என்பதை மொழிபெயர்த்தாராம்! அங்கே விண்ணப்பத்திலேயே, நாங்கள் நெருங்கிய ரத்த உறவு இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். 2005-லிருந்து டெக்சாஸில் அத்தை மகன், மாமன் மகள் முறைக்கும் உரிமம் கிடையாது. தாய்மாமனுக்கும் கிடையாது. கலிபோர்னியாவில் அத்தை மகனைக் கட்டலாம், தாய்மாமனை அங்கேயும் முடியாது. பெரியப்பாவை வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது.

ஞாயிறு தாலி கட்டியாயிற்று. அர்ச்சகர் 72 மணி நேரம் முடியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. அண்ணன் அவரைக் கோபித்துக்கொண்டதுதான் தவறு. கடைசியில் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு ஒரு நீதிபதி முன் நின்றார்கள். சட்டப்படி என் அண்ணன் மகளின் கல்யாண நாள் செவ்வாய், ராகு காலம். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. நியூயார்க்கில் 24 மணி நேரம், பென்சில்வேனியாவில் மூன்று நாள், கலிபோர்னியாவில் காத்திருப்பே இல்லை. இல்லினாயில் எந்தக் கவுண்டியில் வாங்கினீர்களோ அந்தக் கவுண்டிக்குள்தான் கல்யாணம் நடக்க வேண்டும். உரிமத்துக்குக் காலாவதியும் உண்டு: டெக்சாஸ், கலிபோர்னியாவில் 90 நாள், நியூயார்க்கில் 60. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தந்தக் கவுண்டியின் தளத்தைப் படியுங்கள்.

பெண்களே, இது உங்களுக்கு. கோவிலில் தருகிற அழகான சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கிரீன் கார்டு, பெயர் மாற்றம், காப்பீடு எதற்கும் கேட்பது அரசுப் பதிவின் சான்றிட்ட நகலைத்தான். நடத்தி வைத்தவர் உரிமத்தைத் திருப்பி அனுப்பினாரா என்று (டெக்சாஸில் 30 நாள், கலிபோர்னியாவில் 10 நாள் கெடு) நீங்களே கேளுங்கள். பதிவானதும் இரண்டு நகல் வாங்கி ஒன்றை உங்கள் பெயரில் உள்ள உங்கள் ஃபைலில் வையுங்கள். "எல்லாம் அவர்கிட்ட இருக்கு டீச்சர்" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் அந்த மாநில அரசிடம் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். 2005-லிருந்து நம் நாடு அதை ஏற்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தனார் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, கவுண்டி பேரை நானே அவர்கிட்ட கேட்டுட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னார். முன்னாடி இருந்த ரெண்டு ஊரையும் சேர்த்துச் சொல்லி, பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்கும் அனுப்பியிருக்கார். அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

சனிக்கிழமை மத்தியானம் அவள் லேப்டாப்போடு வருகிறாள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.