நெரிசல் யார் குற்றம்?

அரசாங்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நெரிசல் மிகும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறவன் நோயாளிதான். 'சில்லறை நோய்களுக்கெல்லாம் ஓடி வந்துவிடுகிறார்கள்' என்கிறார்கள் கனவான்கள். இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை.

ருவான்வெல்லையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களைப் பாருங்கள். விடியலில் பால் வெட்டப் போகும் தொழிலாளி, பகலில் வைத்தியசாலை வரிசையில் நின்றால் அன்றைய பேர் போகும். பேர் போனால் கூலி போகும். ஆகவே காய்ச்சலோடு மலையேறுகிறாள். இரவில் நோய் முற்றிய பின், கரவனெல்லை ஆதார வைத்தியசாலையில் அவளுக்குத் திறந்திருப்பது அவசரப் பிரிவின் கதவு ஒன்றே. காலையில் சில்லறையாயிருந்த நோயை இரவில் அவசர நோயாக்கியது எது? கூலிமுறையல்லவா?

தோட்டத்தில் மருந்தகம் இல்லையா? உண்டு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு ஏற்கும் வேலையோ 1990களில் தொடங்கி இன்றும் முற்றுப்பெறவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் இருப்பவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் மருத்துவ உதவியாளர். நாடெங்கும் இலவச வைத்தியம் என்ற பெருமை லயத்து வாசலில் நின்றுவிடுகிறது.

கூட்டத்தைக் குறைக்க இரு வழிகள் உண்டு. மருந்தை மக்களிடம் கொண்டுபோவது ஒன்று. மக்களை வாசலில் மறிப்பது மற்றொன்று. இந்த மண் இரண்டையும் கண்டது. 1934–35இல் மலேரியா கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்கே சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936இல் ருவான்வெல்லை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அதே பெரேரா நிதியமைச்சராயிருந்த 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதக் கட்டணம் விதிக்கப்பட்டது. கூட்டம் குறைந்தது. அதனால் நோய் குறைந்துவிடுமா? இடதுசாரிகளாகிய நாம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது.

1990 என்ற எண்ணில் அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸை வரவேற்கிறோம். ஆனால் அது நோயாளியை வாசலுக்குக் கொண்டுவருமேயன்றி, உள்ளே டாக்டரைப் படைத்துவிடாது. 2022இன் நெருக்கடிக்குப் பின் கடல் கடந்த டாக்டர்களின் இடங்களை எந்த வாகனம் நிரப்பும்?

நாம் கேட்பது தருமமன்று, உரிமை. தோட்ட மருந்தகங்கள் அனைத்தையும் அரசு ஏற்கட்டும். அங்கே டாக்டர்களையும் தமிழறிந்த ஊழியரையும் அமர்த்தட்டும். வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கும் கம்பெனி பேர் போடட்டும். இவற்றைச் செய்யாமல் நோயாளியைப் பழிப்பவர்களுக்கு, ஆசிரியர்களே, மாணவர்களே, நீங்கள் வகுப்பறையிலும் மேடையிலும் பதில் சொல்லுங்கள்.