"அவரவர் ரசனை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாமா?



போன மாதம் கோடை விழாவுக்கான திட்டமிடல் கூட்டத்தில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நிகழ்ச்சி நிரலில் கர்நாடக வாய்ப்பாட்டுக்கு மேடையில் 45 நிமிடம் இருந்தது. பறைக் குழுவுக்கு வாசலில் 5 நிமிடம், "ஆக்களை வரவேற்க". பாடகருக்குச் சன்மானம், பக்கவாத்தியக்காரருக்குப் போக்குவரத்துச் செலவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பறைக் குழுவுக்கு நேரே தொகை எதுவும் இல்லை. "எங்கட பிள்ளையள்தானே" என்று ஒரு குறிப்பு மட்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு தோழி கேட்டார். "ஊர்வலத்துக்குப் பறை நல்லாத்தான் இருக்கும். முக்கால் மணித்தியாலம் இருந்து கேக்க அது வெறும் சத்தமெல்லோ" என்று பதில் வந்தது. கூட்டம் சூடாகப் போகிற நேரத்தில் இன்னொருவர் சமாதானம் பண்ணினார்: "விடுங்கோ, அவரவர் ரசனை. இதில சரி பிழை இல்லை." எல்லாரும் தலையாட்டினோம். இந்த ஆசிரியர் குழுவும் சேர்ந்துதான் தலையாட்டியது. அடுத்த விடயத்துக்குப் போனோம். நிரல் இருந்தபடியே இருந்தது.

இந்த மடல் அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. "அவரவர் ரசனை" என்பது கேட்பதற்கு நல்ல ஜனநாயகமாக இருக்கிறது. எல்லாக் காதும் சமம், யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அந்த வசனம் செய்த வேலையைப் பாருங்கள். 45 நிமிடம் இருந்தவருக்கு 45 நிமிடம் அப்படியே நின்றது. வாசலில் நின்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கேள்வி கேட்டவர்தான் "சும்மா பிரச்சினை கிளப்பிற ஆள்" ஆனார்.

பிடிக்கும் வேறு, நல்லது வேறு

"எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று ஒருவர் சொன்னால் யாரும் அவரோடு வாதாடப் போவதில்லை. ஆனால் "இது நல்ல பாட்டு" என்று சொல்லும்போது நாங்கள் வேறொன்று செய்கிறோம். இரவு பன்னிரண்டு மணிக்கு நண்பருக்கு இணைப்பை அனுப்பி, "ரெண்டாவது சரணத்தில அந்த வயலினைக் கேள்" என்று எழுதுகிறோம். அவர் "பரவாயில்லை" என்று மட்டும் பதில் போட்டால் மனம் சுருங்குகிறது. ஏன்? மற்றவரும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு "நல்லது" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790இல் எழுதிய நூலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அவரோடு எங்களுக்குப் பல கணக்குகள் தீர்க்கக் கிடக்கின்றன. ஆனால் இந்த இடத்தில் அவர் பிடித்தது சரியான நுனி.

அப்படியென்றால் "இது நல்ல இசை", "இது இசையே இல்லை" என்று சொல்கிறவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். "என்ர ரசனை" என்பது காரணம் ஆகாது. அது தன்னைப் பற்றி அவர் தரும் தகவல். மேடையையும் காசையும் பிரிக்கிற இடத்தில் அந்தத் தகவல் மட்டும் போதாது.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது?

ரசனை வானத்திலிருந்து விழுவதில்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து 1979இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் இசை பற்றிய கேள்விகளும் இருந்தன. பாக்கின் விசைப்பலகைப் படைப்பொன்றை விரும்பியவர்கள் பெரும்பாலும் படித்த மேல்தட்டினர். "நீல டானூப்" வால்ட்ஸை விரும்பியவர்கள் பெரும்பாலும் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும். பாக் மோசம் என்றோ வால்ட்ஸ் மோசம் என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. "என்ர சொந்த ரசனை" என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதில் பெரும்பங்கை வீடும் பள்ளிக்கூடமும் வர்க்கமும் முன்னரே எழுதி வைத்துவிடுகின்றன என்பதுதான் விடயம்.

எங்கட விடயத்தில் அதோடு சாதியும் சேர்கிறது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதமி உருவானது. எது சாஸ்திரியம், எது தரம் என்று சொல்கிற அதிகாரம் மெல்ல மெல்ல ஒரு நகரத்தின் ஒரு சாதிப் பகுதியினர் கையில் குவிந்தது. தமிழர்கள் வந்து உட்கார்ந்து கேட்ட கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடாவாகத்தான் இடம். அதை மாற்றக் கேட்டுத்தான் தமிழிசை இயக்கம் எழுந்து, 1943இல் தமிழிசைச் சங்கம் அமைந்தது. அப்போது எதிர்த்தவர்கள் "எங்களுக்குத் தமிழ் பிடிக்காது" என்று சொல்லவில்லை. "தரம் கெட்டுப்போகும்" என்றார்கள்.

வாசலும் மேடையும் என்ற சண்டையும் பழசுதான். நாதஸ்வரம் நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்கிற வாத்தியமாகவே பார்க்கப்பட்டது. கோயில் வீதி, கல்யாண ஊர்வலம், மங்கல இசை. "நாங்களும் மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்வோம்" என்று பிடிவாதமாக நின்றவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் தோடியை மணிக்கணக்காக விரித்து வாசித்ததைக் கேட்டவர்கள் அதை வரவேற்பு இசை என்று பிறகு சொல்லவில்லை. எங்கள் நிரலில் பறைக்கு நாங்கள் எழுதியது அவர் எதிர்த்துப் போராடிய அதே வரிதான். நேரம் 5 நிமிடம், இடம் வாசல்.

"சரி, நாங்கள் இங்க பிறந்த ஆக்கள், எங்களுக்கு அந்தச் சரித்திரம் ஒட்டாது" என்று நினைக்கலாம். சனிக்கிழமை வகுப்புகளில் எங்களில் எத்தனை பேர் மிருதங்கம், வீணை, வாய்ப்பாட்டு படித்தோம்? எத்தனை பேர் வீட்டில் "பறை பழக விடப் போறம்" என்ற பேச்சு வந்தது? காதுக்கும் ஊர் உண்டு. அந்த ஊரில் எங்கட வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதும் அதில் பதிந்திருக்கிறது.

இப்போது இதற்கு மேல் கம்பனிகளும் வந்துவிட்டன. ஸ்பொட்டிஃபை 2015இலிருந்து ஒவ்வொருவருக்கும் வாராவாரம் ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறது. முன்பு கேட்டதை வைத்து இனிக் கேட்கப்போவதைத் தீர்மானிக்கிறது. 2024இலிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு அது உரிமைத்தொகை கொடுப்பதில்லை. ஒரு சிறு குழு நாலு நாள் மினக்கெட்டுப் பதிவு செய்த பாட்டின் பெறுமதி பூச்சியம் என்று ஒரு கம்பனி முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு நாங்கள் "என்ர ரசனை" என்கிறோம்.

ரசனைக்கு அதிகாரம் கிடைத்தால்

இங்கே ஒரு எச்சரிக்கை, எங்களுக்கே. தனி ஆளின் ரசனை போதாது என்றவுடன் "அப்ப கொமிட்டி முடிவெடுக்கட்டும்" என்று பாய்வது இடதுசாரிகளின் பழைய வியாதி.

ஷோஸ்டகோவிச்சின் "லேடி மக்பெத்" ஒபேரா 1934இல் சோவியத் ஒன்றியத்தில் மேடையேறி இரண்டு வருடம் அமோகமாக ஓடியது. 1936 ஜனவரியில் ஸ்டாலின் அதைப் பார்க்கப் போனார். முடியும் முன்னரே எழுந்து போய்விட்டார். ஜனவரி 28இல் "பிராவ்தா"வில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பு இது இசையல்ல, குழப்பம் என்றது. ஒபேரா மேடையிலிருந்து இறங்கியது. 1948இல் மீண்டும் ஒரு தீர்மானம் வந்தது. ஷோஸ்டகோவிச், புரோகோஃபியேவ், கச்சத்தூரியன் எல்லாரும் மக்களுக்கு அந்நியமான இசை எழுதுகிறவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டது. எல்லாம் மக்கள் பெயரால் நடந்தது. ஆனால் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பது அரசின் தீர்ப்பானதே அங்கே நடந்த கதை. தனிப்பட்ட ரசனை "நல்லது" என்பதன் வரையறையாக மாறினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

தூரத்துக்கும் போக வேண்டாம். இந்த லண்டனில் பொலிஸ் 2005இலிருந்து "படிவம் 696" என்று ஒன்று வைத்திருந்தது. இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் கலைஞர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூட ஆரம்பத்தில் கேட்டார்கள். அடி விழுந்தது பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களின் கிரைம், கராஜ் இரவுகளுக்கு. 2017 நவம்பரில்தான் அந்தப் படிவம் கைவிடப்பட்டது. "அது வெறும் சத்தம்" என்ற வசனம் அதிகாரத்தின் கையில் ஒரு விண்ணப்பப் படிவமாகவே மாறும்.

அப்ப எப்படித்தான் தீர்மானிக்கிறது?

எங்கள் குழுவில் ஒருவர் ஒன்பது வருடம் மிருதங்கம் படித்தவர். அந்தக் கூட்டத்தில் பறை "சத்தம்" என்று சொன்னதும் அவர்தான். சண்டைக்குப் பிறகு பறைக் குழுவின் ஒத்திகைக்கு அவர் போனார். ஒரு கையில் தடித்த அடிகுச்சி, மற்றக் கையில் மெல்லிய, நீளமான சிண்டுகுச்சி. குழுவின் பொறுப்பாளரான தங்கச்சி அவரை அருகில் இருத்தி, "அடிகுச்சியை விடுங்கோ, சிண்டை மட்டும் கேளுங்கோ" என்றாராம். பத்து நிமிடம் கழித்துத்தான், எட்டுப் பேரின் சிண்டும் ஒரு மயிரிழை பிசகாமல் விழுவது கேட்கத் தொடங்கியது. தோல் சூடேறாவிட்டால் ஒலி தொய்வதும், இங்கே மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட முடியாததால் சிலர் செயற்கைத் தோலுக்குப் போவதும், அதனால் ஒலி மாறுவதும் அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. ஒரு அடவு இன்னொரு அடவுக்கு மாறும் இடத்தில் யார் தடுமாறினார் என்றும் கடைசியில் அவரால் சொல்ல முடிந்தது. "சத்தம் எண்டு நான் சொன்னது பறையைப் பற்றி இல்ல, எனக்கு எவ்வளவு கேட்டுது எண்டதைப் பற்றி" என்று எங்களுக்கு எழுதினார். அவரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

எங்கள் பதில் இதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு இசைக்கும் அதற்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. அதைக் கையாள்பவர்களிடம் கேட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும். படித்த பிறகு "இந்தக் குழு நல்லாய் வாசிக்குது, அந்தக் குழு அவசரப்படுது" என்று தாராளமாகச் சொல்லலாம், சண்டையும் பிடிக்கலாம். அந்தச் சண்டைக்குக் காரணங்கள் இருக்கும், அதனால் ஒருவர் மனம் மாறவும் இடம் இருக்கும். விருது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கட வட்டத்திலேயே "ஓ, அப்ப பெரிய கலைதான்" என்றவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது அரசாங்கத்தின் காதால்.

இதே நேர்மை மறுபக்கமும் வேண்டும். கருத்து சரியென்றால் பாட்டும் நல்லதாகிவிடாது. எங்கள் போராட்ட மேடைகளில் தாளம் தப்பி, எதுகைக்காக வரியை முறித்து எத்தனை பாட்டுகள் பாடியிருக்கிறோம்! தோழமைக்காகக் கைதட்டினோம். அது பாடியவருக்குச் செய்த உதவி இல்லை. பெண்களை இழிவுபடுத்துகிற சினிமாப் பாட்டொன்றின் இசையமைப்பு அபாரமாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

பறையைத் தூக்கிப் பிடிப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சாவீட்டுக்குப் பறையடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாக இருந்தது. "இனி அடிக்க மாட்டோம்" என்று மறுத்ததும் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் விடுதலைப் போராட்டத்தின் பகுதிதான். அந்தத் தங்கச்சி எங்களுக்குச் சொன்னதை அப்படியே தருகிறோம்: "என்ர அப்பப்பா இதைக் கீழ வைக்கப் போராடினவர். நான் விரும்பி எடுத்திருக்கிறன். ரெண்டும் எங்கட முடிவு. நீங்கள் பறையை வடிவாய்ப் புகழுறீங்கள். ஆனா மேடையும் காசும் எண்டு வரேக்க ஏன் 'ரசனை' எண்டுறீங்கள்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்தில் மூன்று விடயங்களை முன்வைக்கப் போகிறோம். ஒன்று, நிரலைத் திரும்பத் திறக்க வேண்டும். பறைக்கும் வாய்ப்பாட்டுக்கும் ஒரே மேடை, ஒரே நேரம், ஒரே சன்மானம். இரண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் கலைஞர்களே மூன்று நிமிடம் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று காட்ட. மூன்று, கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். அது பிடித்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர, முழுக்கக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் பிடிக்காமல் போகலாம். அது உங்கள் உரிமை. ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதை ஏற்காதவர்கள் கட்டாயம் பதில் எழுதுங்கள், அடுத்த மடலில் வெட்டாமல் போடுவோம். "அவரவர் ரசனை" என்று ஒரு வரியில் மட்டும் எழுதாதீர்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு