கல்லுக்கடியில் ஒரு ஆபீஸ்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பன் போன் செய்தான். "கொடுத்து வெச்சவன்டா நீ! பிடிச்ச வேலையைப் பார்க்கறே!" என்றான்.

அப்போது நான் சாலமாண்டர் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். பி.காம். படித்தவன் பல்லியைப் படிக்கக்கூடாதா? பல்லி என்பதும் தப்பு. பார்க்கத்தான் பல்லி, உறவு என்னவோ தவளையோடு. அமெரிக்கக் காடுகளில் இருக்கும் 'பிளெத்தோடன்' வகைக்கு நுரையீரலே கிடையாது சார். மூச்சு விடுவது தோலால்தான். தோல் காய்ந்தால் ஆள் காலி. அதனால் ஈரமான கல்லுக்கடியில் இடம் பிடிக்க ஏகப்பட்ட அடிதடி, கடி.

போட்டி வந்தால் என்ன ஆகும்?

ஒன்று, உடம்பு மாறும். பென்சில்வேனியாவில் செம்முதுகு சாலமாண்டரும் அதன் சொந்தக்கார இனம் ஒன்றும் தனித்தனியே வாழும் இடங்களில், தாடையிலும் சாப்பாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சேர்ந்து வாழும் இடங்களில் ஒன்றுக்குச் சட்டென்று மூடும் தாடை, மற்றதற்கு மெதுவாக ஆனால் பலமாக மூடும் தாடை. பிடிக்கிற பூச்சியின் சைஸும் வேறு வேறு. டீன் ஆடம்ஸ், ஜேம்ஸ் ரோல்ஃப் என்ற இருவர் அளந்து பார்த்து 2000-ல் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த பாகப்பிரிவினை!

இரண்டு, இடம் மாறும். வர்ஜீனியாவில் ஷெனண்டோவா சாலமாண்டர் இருப்பது மூன்றே மலையுச்சிகளில், காய்ந்த கற்சரிவில். சுற்றியுள்ள ஈரமண் முழுக்க செம்முதுகு. 'அதுக்குப் பாறைதான் பிடிக்கும் போல' என்றுதான் தோன்றும். ராபர்ட் ஜேகர் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார். எதிராளி இல்லாவிட்டால் ஈரமண்ணிலும் ஜோராக வாழ்கிறது! செம்முதுகு விடுவதில்லை, அவ்வளவுதான். வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பதால் பாறையில் பிழைத்துக் கிடக்கிறது. 1989-ல் அமெரிக்க அரசு அதை அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்தது.

நானும் இந்த நண்பனும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே டிகிரி, ஒரே தயிர்சாதம். காலியானதும் ஒரே ஒரு சீனியர் நாற்காலி. அவன் உட்கார்ந்தான். நான் மூன்றே மாதத்தில் ராஜினாமா. "சுதந்திரமா எழுதப் போறேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். மனைவியிடம்கூட.

"என்னடா, லைன்ல இருக்கியா? பிடிச்ச வேலைதானே?" என்றான் நண்பன்.

"ஆமாண்டா" என்றேன், பாறை மேல் உட்கார்ந்துகொண்டு.