கோவளத்துக்குப் போகலாமா? விருந்தாளிக்கு உரிய ஒழுக்கம்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில நாட்கள் அடைபட்டிருக்கும் காலத்திலும், கோடை விடுமுறையிலும் நம் மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், குடும்பத்தோடு கோவளம் போய் வரலாமா? மார்க்கத்தில் தடை ஏதும் இருக்கிறதா?" அச்சங்குளம், சாத்தூர், சிவகாசி என நாம் வாழும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கரிசல் மண்ணிலும் கருமருந்து வாடையிலும் வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்துப் படம். எனவே வேன் பிடித்துத் திருவனந்தபுரம் பீமாபள்ளி வரை செல்வோர், அருகிலுள்ள கோவளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப விரும்புவது இயல்பே.

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. அரைகுறை ஆடையும் மதுவும் மலிந்த இடம், அங்கே முஸ்லிமுக்கு என்ன வேலை என்பது ஒன்று. விடுமுறை நாளில் மார்க்கத்தை எதற்கு இழுக்கிறீர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் எளிதான விடைகள். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

பூமியில் பயணம் செய்து அல்லாஹ்வின் படைப்பைச் சிந்திக்குமாறு குர்ஆன் ஏவுகிறது (29:20). நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னையார் சலிக்கும்வரை கண்டுகளிக்க அவர்கள் துணை நின்றதையும் நாம் அறிவோம். மனைவியின் மகிழ்ச்சிக்கு நேரம் ஒதுக்குவது சுன்னத்துக்குப் புறம்பானது என்று எவரும் கூற இயலாது. ஆனால் நம் வட்டாரத்தில் நடப்பது என்ன? ஆண்கள் நண்பர்களோடு கடற்கரைக்குச் செல்கின்றனர். ஆண்டு முழுவதும் அடுப்பங்கரையிலும், பெட்டி ஒட்டுவதிலும், சரம் பின்னுவதிலும் கழிக்கும் பெண்களோ 'அந்த இடம் சரியில்லை' என்ற காரணத்தால் வீட்டில் நிறுத்தப்படுகின்றனர். இடம் சரியில்லை என்றால் அது ஆணுக்கும் சரியில்லாததே. ஆணுக்கு ஆகுமென்றால் குடும்பத்துக்கும் ஆகும்.

ஆகவே நம் விடை: செல்லலாம், குடும்பத்தோடு செல்லலாம். ஆனால் வாடிக்கையாளராகச் செல்லாமல் விருந்தாளியாகச் செல்ல வேண்டும். விருந்தாளிக்குச் சில கடமைகள் உண்டு.

முதற்கடமை பார்வையைப் பற்றியது. கோவளத்தில் வெளிநாட்டுப் பெண்கள் குளியல் உடையில் வெயில் காய்வது வழக்கம். அவர்களைக் கைப்பேசியில் படமெடுப்பதற்கென்றே மணலில் உலவும் இளைஞர்களும் உண்டு. கேட்டால், அவள் அப்படி உடுத்தியதுதானே குற்றம் என்பர். அந்நூர் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பார்வையைத் தாழ்த்துமாறு கூறும் கட்டளை முதலில் விசுவாசிகளான ஆண்களை நோக்கியே வருகிறது (24:30). பெண்களுக்கான கட்டளை அதற்கடுத்த வசனத்தில்தான் தொடங்குகிறது. எதிரிலிருப்பவர் முஸ்லிமா, அவர் எதை உடுத்தியிருக்கிறார் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நம் கண்ணுக்கு நாமே பொறுப்பு. கூட்டம் குறைந்த அதிகாலை வேளையையும், விடுதிகளை விட்டுத் தள்ளியிருக்கும் கரையையும் தேர்ந்தெடுத்தால் நம் பெண்களும் நிம்மதியாகக் காலை நனைக்கலாம்.

இரண்டாவது தொழுகை. நம் ஊரிலிருந்து கோவளம் செல்வது கஸ்ருக்குரிய தொலைவை நன்கு கடந்த பயணமாகும். பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் ஹனஃபி மத்ஹபினர் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழ வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழ வேண்டும். இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜின்போது மட்டுமே அது உண்டு. கோவளம் மேற்குக் கடற்கரை. கதிரவன் கடலில் இறங்கும் காட்சிக்காக எல்லாரும் கூடி நிற்கும் நேரமே மஃரிபின் நேரம். படமெடுத்து முடிப்பதற்குள் வக்து குறுகிவிடும். கிப்லாவும் கடல் பக்கமே, மேற்கிலிருந்து சற்று வடக்கே. அலையை நோக்கி நின்று பிள்ளைகளோடு தொழும் ஒரு மஃரிப், அவர்கள் நெஞ்சில் நெடுநாள் நிலைக்கும்.

உணவிலும் கவனம் தேவை. கடற்கரை உணவகங்களில் நண்டும் கணவாயும் சிங்கி இறாலும் தட்டில் அடுக்கி அழைப்பார்கள். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீனா அன்றா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மீன் வகைகளுக்கோ அங்கே குறைவில்லை.

செலவைப் பொறுத்தவரை ஒரே சொல்: கடன் வாங்கிச் சுற்றுலா செல்லாதீர்கள். ஆலையில் வாங்கும் முன்பணமும் ஒரு கடனே. வட்டிக்கு வாங்கிய பணத்தில் கண்ட கடலில் பரக்கத் இராது.

மூன்றாவது கடமை உயிரைக் காப்பது. நம் பிள்ளைகள் கண்மாயில் நீந்தப் பழகியவர்கள். கடல் கண்மாய் அன்று. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்றால் எழும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரெனக் கரையேறும். கேரள மீனவர்கள் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர், திருடனைப் போல் வருவதால். 2024 மே மாதத்தில், இத்தகைய எச்சரிக்கை நிலவிய நாட்களில், கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். படித்த, உடல்வலுமிக்க இளைஞர்கள் அவர்கள். உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்காதீர்கள். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதாகும்.

நான்காவது கடமையே நாம் வலியுறுத்த விரும்புவது. கோவளம் ஆதியில் மீனவர் ஊர். 1932-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் அங்கே ஒரு மாளிகை எழுப்பினர். 1970-களில் வெளிநாட்டு இளைஞர்கள் திரண்டனர். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு விடுதியும் எழுந்தது. ஆயினும் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே சென்றால் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகமும், அதையொட்டிய பள்ளிவாசலும், கிறிஸ்தவ தேவாலயமும், நெருங்கிக் கட்டிய மீனவர் வீடுகளும் இருக்கின்றன. அந்தக் கரையோர மீனவர் பலர் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சென்று திரும்பவில்லை. 2018 வெள்ளத்தின்போது தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று முன்பின் அறியாத மக்களைக் காப்பாற்றியோரும் இக்கரையினரே. புதிய துறைமுகப் பணிகளால் தம் கரை அரிக்கப்படுகிறது என்று 2022-இல் அவர்கள் மாதக்கணக்கில் போராடினர். 2025 மே மாதத்தில் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு கப்பல் வருகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுடையது என்கிறது குர்ஆன் (18:79). வலியவன் ஒருவன் பறித்துக்கொள்ளாமல் அதனைக் காப்பதற்காகவே ஹிள்ர் (அலை) அவர்கள் அதில் பழுது உண்டாக்கினார்கள். கடலோர ஏழையின் பிழைப்பு அல்லாஹ்வின் வேதத்தில் இடம்பெறும் அளவுக்குப் பெரிது. கரீபியன் தீவான ஜமைக்காவில் உல்லாச விடுதிகள் கரையை வளைத்துக்கொண்டதால், உள்ளூர் மக்கள் தம் கடலில் இறங்கும் உரிமைக்காகப் போராடி வருகின்றனர். முஸ்லிம் நாடான மாலத்தீவில் விடுதிகள் பெரும்பாலும் தனித்தீவுகளில் அமைந்திருப்பதால், பயணி அந்நாட்டு மக்களைப் பாராமலே திரும்பிவிட இயலும். கோவளத்தில் அப்படிச் சுவர் இல்லை. படுக்கை விரிக்கும் பெண், தட்டுக் கழுவும் வடநாட்டு இளைஞன், தலைச்சுமையாகப் பழம் விற்கும் மூதாட்டி அனைவரும் நம் கண்முன்னே இருக்கின்றனர். பழக்காரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு விடுதியில் ஆயிரங்களை வாய்திறவாமல் செலுத்துவது நியாயமாகுமா? தீன்கொத்துப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் மணலில் எறிந்துவிட்டு வருவது, வழியிலுள்ள இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளை எனக் கற்ற உம்மத்துக்குத் தகுமா?

இதைப் பிறருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். நமக்குத் தேவையில்லை. நாடெங்கும் ஓரிரவில் வானத்தில் பூக்கும் ஒளியை அண்ணாந்து பார்ப்போர், அதனைச் செய்த கைகளை நினைப்பதில்லை. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். பிறருடைய ஒரு நொடி மகிழ்ச்சிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் ஆபத்தும் கிடக்கின்றன என்பதை இம்மண்ணைவிட அறிந்த மண் வேறில்லை. நம்மை எவரும் நினைக்கவில்லையே என்று வருந்தும் நாம், மற்றோர் ஊருக்கு மகிழச் செல்லும்போது அங்கே உழைப்பவரை நினைக்காமல் இருந்துவிடக் கூடாது.

எனவே பெற்றோரே, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். அலையையும் அஸ்தமனத்தையும் காட்டுவதோடு, விடியலில் வலை இழுப்போரையும் காட்டுங்கள். அவர்களுக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லக் கற்றுக்கொடுங்கள். அறையைத் துப்புரவு செய்தவரின் கையில் கிளம்புமுன் ஒரு தொகையைப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று என்பது நபிமொழி. அதில் அக்கரை மக்களையும், நம் ஆலைகளில் உழைப்போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் கடலில் உழைப்போரையும் கருமருந்தில் உழைப்போரையும் பாதுகாத்து, நம் பயணங்களை நன்மையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.