தோண்டும் முன் ஒரு வார்த்தை

கடைத்தெருவில் பொக்லைன் ஒரு கேபிளை இழுத்துவிட்டால் அடுத்த நிமிடமே பில் நின்றுவிடுகிறது. பணம் வந்ததா இல்லையா என்று க்யூஆர் ஒலிப்பெட்டி சொல்லாது. கார்டு மெஷினின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திருப்பூர் மாதிரி ஊர்களில் பாடு இன்னும் அதிகம். இ-வே பில் எடுக்க முடியாவிட்டால், சரக்கு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும். அதற்குள் தெருவே கூடி பொக்லைன் ஓட்டுநரைத் திட்டத் தொடங்கியிருக்கும்.

அவரைத் திட்டிப் பயனில்லை. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. கையில் வரைபடம் கிடையாது. "இங்கிருந்து அந்தக் கம்பம் வரை எடு" என்பதுதான் அவருக்குக் கிடைத்த உத்தரவு. அந்தச் சாலையில் என்றைக்குத் தோண்டப் போகிறார்கள் என்பது மாநகராட்சிப் பொறியாளருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் பல வாரங்களுக்கு முன்பே தெரியும். மண்ணுக்கடியில் என்ன போகிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். தெரிந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததால்தான் கேபிள் அறுகிறது.

பேசிக்கொள்ள வழி இல்லாமலும் இல்லை. 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை வெளியிட்டது. தோண்டப் போகிறவர் இடத்தையும் நாளையும் அதில் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஒருங்கிணைப்பு இல்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3000 கோடி ரூபாய் நட்டம் என்று அரசே அப்போது கணக்குச் சொன்னது. முன்னறிவிப்பு தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் சேதத்துக்கு இழப்பீடும் அபராதமும் உண்டு. ஆனால், வார்டில் தெருக்குழாய் இணைப்புக்குக் குழி வெட்டும் சிறு ஒப்பந்ததாரரிடம் இந்தச் செயலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பெயரே புதிதாக இருக்கும். சாலை வெட்ட அனுமதி கேட்டு வரும் மனுவோடு அந்தப் பதிவு எண்ணும் இருந்தால்தான் கையெழுத்து என்று உள்ளாட்சி அமைப்புகள் சொல்லிவிட்டால், ஒரே மாதத்தில் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கை கழுவிவிட முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழத்தில் போக வேண்டிய கேபிள் குழாயை அவசரத்தில் முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எச்சரிக்கை நாடா இருக்காது, அடையாளக் கல் இருக்காது. தன் கேபிளைப் போடும்போது பக்கத்து நிறுவனத்தின் கேபிளை அறுப்பதும் நடக்கிறது.

அறுந்த பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். கேபிளைக் கண்டதும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்ணாடி இழை ஒவ்வொன்றும் தலைமுடி அளவுதான். பொக்லைன் வாளி இழுத்த இழுப்பில் குழிக்குள் மட்டுமல்ல, தள்ளியிருக்கும் இணைப்புப் பெட்டியிலும் அது முறிந்திருக்கலாம். தொலைபேசி நிலையத்திலிருந்து ஓடிடிஆர் கருவி வைத்துப் பார்த்தால் இத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் வழியில் ஆங்காங்கே சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், சாலையில் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. குழியில் சாக்கடை நீர் நிற்கும். அதை இறைத்து, இழைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். "அண்ணே, இங்கே அறுந்துபோச்சு" என்று ஓட்டுநர் உடனே ஒரு போன் போட்டிருந்தால், தேடும் நேரம் முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே தண்டனையைப் பிரித்து வைக்கலாம். பதிவு செய்துவிட்டுத் தோண்டி, தவறி அறுத்து, உடனே சொன்னவரிடம் பழுது நீக்கும் செலவை மட்டும் வாங்கலாம். மூடி மறைத்தவர் மேல் முழு அபராதமும் பாயட்டும். எல்லோருக்கும் ஒரே அடி என்றால் எல்லோரும் மறைக்கத்தான் செய்வார்கள்.

வணிகர்களுக்கும் பங்கு இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், இரண்டும் ஒரே பள்ளத்தில் வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பள்ளம் என்றால் ஒரே வாளியில் இரண்டும் போகும். கைபேசி இணையம் கைகொடுக்கும் என்பதும் நிச்சயமில்லை. பல கோபுரங்களுக்கு இணைப்பு வருவதும் மண்ணுக்கடியில் போகும் இதே கேபிள் வழியாகத்தான். ஒன்று நிலத்தடியில், மற்றொன்று வேறு கோபுரத்திலிருந்து வான்வழியாக என்று வைத்துக்கொள்வது நல்லது. கடை எண்ணுக்கு வரும் அழைப்பை வேறு நிறுவன எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியை முன்கூட்டியே செய்து வைக்கலாம். இணையம் இல்லாமலும் ஓடும் பில்லிங் மென்பொருள், ஒரு ரசீதுப் புத்தகம், கொஞ்சம் சில்லறை ஆகியவை பழைய ஏற்பாடுகள்தான். இன்றும் வேலை செய்கின்றன.

சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்ட மாநகராட்சி தடை போடுகிறது. மழை ஓய்ந்து தடை நீங்கியதும் தேங்கி நின்ற வேலைகளெல்லாம் ஒன்றாகத் தொடங்கும். எந்தத் தெரு, எந்தத் துறை, எந்த வாரம் என்ற பட்டியலை வணிகர் சங்கங்கள் டிசம்பரிலேயே வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கேட்கட்டும். கேபிள் நிறுவனத்தின் ஊர்ப் பொறியாளரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தட்டும். தோண்டும் நாளில் அவருடைய ஆள் ஒருவர் குழியருகே நின்றாக வேண்டும் என்பதை அங்கேயே பேசி எழுதி வாங்கிவிடலாம்.